இருநூற்றுப் பன்னிரண்டு ஷாட்டுகள்

எடிட்டிங் மென்பொருளின் புது வெர்ஷனை ஏற்றும் பொத்தானை அவள் அழுத்தியே விட்டாள்.

கணவன் வேண்டாம் என்று சொன்னான் பாருங்கள், அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அழுத்தினாள்.

ஊரில் உள்ள எடிட்டர்கள் எல்லாம் அந்த மென்பொருளைக் குய்யோ முறையோ என்று திட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். பழகிய திரையைக் கலைத்துப் போட்டுவிட்டார்களாம். ஃபோல்டர்களையே ஒழித்துவிட்டார்களாம். கணினியில் இருக்கும் எல்லாக் காட்சிகளையும் அதுவே ஒரே குவியலாக்கி, அதுவே பிரித்தும் வைக்கிறதாம். சரி, எடிட்டர்கள் திட்டட்டும். அவர்கள் பிழைப்பு அது.

இவனுக்கென்ன வந்தது?

இவன் கேமராக்காரன். கல்யாணங்களைப் படம் பிடித்து, கணினியில் ஏற்றி வைப்பதோடு இவன் வேலை முடிந்தது. வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் பாடு. பதினோரு வருஷமாக அவள் வேலையில் மூக்கை நுழைக்காத மனுஷன், மூன்று வாரமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்.

"பழசே போதும். அந்தப் புதுசை மட்டும் தொட்டுடாத."

அப்போதே அவளுக்குப் பொறி தட்டியது. இதில் என்னவோ இருக்கிறது.

இன்றைக்கு அவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். சாயங்காலம்தான் வருவான்.

திரை முழுக்க வட்ட வட்டமாக முகங்கள் வந்து நின்றன. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் அது எத்தனை ஷாட்டில் வருகிறது என்று ஓர் எண். இந்த வருஷத்துக் கல்யாணங்கள் ஆறையும் மென்பொருள் அலசிவிட்டிருந்தது. அவன் 'வேஸ்ட்' என்று எழுதி ஒதுக்கி வைத்திருந்ததையும் விடவில்லை.

அவள் ஒருநாளும் அந்த வேஸ்ட்டைத் திறந்ததில்லை. கேமராக்காரன் கழித்ததை எடிட்டர் நோண்டக்கூடாது. அது அவர்களுக்குள் இருந்த மரியாதை.

முதல் வட்டத்தில் ஏதாவது ஒரு மணப்பெண் இருக்க வேண்டும். இல்லை.

யாரோ ஒருத்தி. முப்பது வயதிருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு ஷாட்டுகள்.

திறந்து பார்த்தாள். மேக்கப் போடுகிறவள். ஆறு கல்யாணத்திலும் அவள்தான். மணப்பெண்ணின் கன்னத்தில் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தாள். மணப்பெண் மங்கலாகத் தெரிந்தாள், மேக்கப்காரி பளிச்சென்று தெரிந்தாள். போகஸ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமராக்காரனின் மனசு இருக்கும். இது எடிட்டருக்குத் தெரியாதா?

ஒரு ஷாட்டில் அவள் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த இவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடப்பாவி! தொடாதே, தொடாதே என்று குதித்தாயே, இதற்குத்தானா? இன்றைக்கு அவன் வீட்டு வாசலை மிதிக்கட்டும், பேசிக்கொள்ளலாம். பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அதற்கு முன்னால் அப்பா பார்க்கட்டும். அம்மா போன பிறகு அவர் இவர்களோடுதான் இருக்கிறார். மாப்பிள்ளை என்றால் அவருக்கு உயிர். மகளை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார், மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்க. உங்க மாப்பிள்ளை லட்சணத்தைப் பாருங்க!"

பக்கத்து அறையிலிருந்து அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அதற்குள் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது.

இடது பக்கம் மேக்கப்காரியின் முகம். வலது பக்கம், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இவளுடைய முகமேதான். புது லென்ஸ் வாங்கும்போதெல்லாம் அவளை உட்கார வைத்துத்தான் அவன் சோதித்துப் பார்ப்பான்.

கீழே ஒரு கேள்வி: இவர்கள் இருவரும் ஒருவரா? ஆம். இல்லை.

சீ! கட்டினவளுக்கும் கண்டவளுக்கும் வித்தியாசம் தெரியாத சனியன். இதை ஊரே திட்டியது சும்மா இல்லை. அவள் அம்புக்குறியை 'இல்லை'க்குக் கொண்டுபோனாள்.

அழுத்தவில்லை. இரண்டு முகத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். மோவாயில் ஒரே மாதிரிக் குழி. 'உங்கப்பன் குழி' என்று அம்மா கிள்ளிக்கொண்டே இருப்பாளே, அந்தக் குழி.

அப்பா அவள் பின்னால் வந்து நின்றிருந்தார். யாரம்மா இது என்று அவர் கேட்கவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு இடது பக்க முகத்தையே பார்த்தார்.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் அவளைப் படம் புடிச்சுட்டு வந்து காட்டச் சொன்னேன்."