மூடியின் ஈரம்

ஜப்பானின் கடைக்கோடித் தீவொன்றில், படகுத்துறையை ஒட்டிய சின்ன மரவீடு அது. விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு சகுமா பார்க்க வந்திருந்தான். வீட்டுக்காரி ஃபுமியே அறைகளைக் காட்டி முடித்ததும் அவனைச் சாப்பிட உட்காரவைத்தாள். இன்னொரு கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, யாரும் இல்லாத எதிர்ப்பக்கத்தில் வைத்தாள்.

“யாருக்கும்மா அது?”

“என் வீட்டுக்காரருக்கு. மீன் பிடிக்கப் போய் வருஷக்கணக்காச்சு. ஆள் திரும்புற வரைக்கும் அவர் பங்கை வைக்கணும், இந்த ஊர்ல அப்படித்தான் தம்பி. மூடியில தண்ணி கோத்திருந்தா உயிரோட இருக்கார். காஞ்சிருந்தா கடல் எடுத்துக்கிச்சு.”

மூடி காய்ந்த வீடுகளில் பெண்கள் அழுது தீர்த்து, கல் நட்டு, மறுபடி வலை பின்ன உட்கார்ந்துவிட்டார்கள்.

சகுமா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். “சுடுசோத்தை மூடினா வேர்க்கத்தானே செய்யும்?”

“நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். அதனால ரொம்ப நாளா ஆறின சோறுதான் வைக்கிறேன். தொட்டுப் பாருங்க.”

தொட்டான். கிண்ணம் சில்லென்றிருந்தது.

ஃபுமியே மூடியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். உள்புறம் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. ஒரு துளி உருண்டு மேசையில் விழுந்தது. அதைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

“இந்நேரம் எங்கேயோ எவளோ போடுற சோத்தைச் சுடச்சுடச் சாப்பிட்டுட்டு இருப்பார்,” என்றாள். “செத்திருந்தா நான் ஏன் தம்பி இந்த வீட்டை விக்கப்போறேன்?”