அந்த வீட்டு ஜேன்

சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய மணிகளில் மூன்றாவது மணி அடித்தது.

அது மாடியில் எஜமானியம்மாள் படுக்கையறையில் கயிற்றை இழுத்தால் அடிக்கும் மணி. எஜமானியம்மாளைக் காலையில்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அறையைப் பூட்டிய சாவி சமையற்காரி மிஸஸ் பாகெட்டின் இடுப்பில் தொங்கியது.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். லண்டன் மூடுபனி பட்டப்பகலிலேயே சன்னலை அடைத்திருந்தது. வெளியே ஓடினால்கூட வழி தெரியாது.

சாகக் கிடந்தபோது அந்த அம்மாள் சொன்னதை இரண்டு பேருமே கேட்டிருந்தார்கள். தனியாகப் போகமாட்டாளாம். போனபின் ஜேனைக் கூப்பிடுவாளாம், அவள் வந்தே ஆகவேண்டுமாம். வாழ்நாள் முழுக்க ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவள். செத்த பிறகு மட்டும் திருந்திவிடுவாளா?

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போகட்டும்," என்றாள் மிஸஸ் பாகெட். "ஜேன்னுதானே கூப்பிடுவா? அது உன் பேரா? உன் நிஜப் பேரு எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படிடி தெரியும்? பேசாம கிழங்கச் சீவு."

அதுவும் சரிதான். அந்த வீட்டில் வேலைக்கு வருகிறவள் யாரானாலும் ஜேன்தான். வருகிறவள் போகிறவள் பெயரையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள எஜமானியம்மாளுக்குப் பொறுமை கிடையாது. போன ஜேனின் தொப்பியையும் பெயரையும் சேர்த்தே இவள் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அதை நினைத்து நினைத்து வயிறெரிந்தவளுக்கு இன்று அந்தப் பெயர்தான் ஆறுதலாக இருந்தது. ஜேனைத்தானே தேடுகிறாள். நன்றாகத் தேடட்டும்.

மணி மறுபடியும் அடித்தது. பிறகு மாடிப்படியின் உச்சியிலிருந்து குரல் வந்தது. காப்பி ஆறிப்போனால் வருமே, அதே சலிப்பான குரல்.

"தாம்சின்."

மிஸஸ் பாகெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் சிரித்தே விட்டாள்.

"தாம்சினா? அப்படி யாரும் இந்த வீட்டுலயே இல்லையே! பொழச்சோம்டி ஜேன்!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கத்தி எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் அவள் தன் பெயரைச் சொல்லியிருந்தாள்.

நேற்று, சவப்பெட்டியை மூடுவதற்கு முன், சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போர்த்த அவளை அந்த அறைக்குத் தனியாக அனுப்பியிருந்தார்கள். வேலையை முடித்துத் திரும்பியவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கியது. இனிமேல் இவளால் என்ன செய்துவிட முடியும் என்ற தைரியத்தில் காதருகே குனிந்தாள்.

"என் பேரு ஜேன் இல்ல, மேடம்," என்று தொடங்கி, தன் பெயரை நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை சொன்னாள்.

முதல் தடவையாக எஜமானியம்மாள் ஒரு வேலைக்காரியின் பெயரை நினைவில் வைத்திருந்தாள்.