நீல மணிகள் வழியே

நீல மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்து முதல் சொட்டுப் பால் கோப்பையில் விழுந்தபோது, மணிக்காரர் மூச்சுவிடவே மறந்துபோனார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். பாலிமரில் கடுகளவு மணிகள் செய்வது அவர் வேலை. அந்த மணிகளில் உட்காரவைக்க நொதியைத் தயார் செய்பவள் பக்கத்து மேசைக்காரி.

பாலில் இருக்கும் சர்க்கரையை இரண்டாக வெட்டிவிடுகிற நொதி அது. வெட்டிவிட்டால், பால் குடித்தாலே வயிறு பொருமுகிறவர்களும் தைரியமாகக் குடிக்கலாம். சும்மா கலந்தால் நொதி பாலோடு போய்விடும். மணியில் நிறுத்திவைத்தால் அதையே திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம்.

ஆனால் அது எங்கே நின்றது?

மணியின் மேல் ஒட்டவைத்தார்கள். முதல் அலசலிலேயே கம்பி நீட்டியது. வேதிப்பிணைப்புப் போட்டு இறுக்கினார்கள்; அசைய முடியாமல் செத்தது. மணிக்குள்ளேயே அடைத்தார்கள், மணியே பாலில் ஊறிக் கூழானது.

“உங்க மணி சரியில்லண்ணா” என்று அவளும், “உன் நொதிக்குத்தான் ஓரிடத்துல இருப்புக் கொள்ளல” என்று அவரும் சண்டை போட்டே மாதங்கள் ஓடின.

கடைசியில் இறால் ஓட்டிலிருந்து எடுத்த பாலிமர் கைகொடுத்தது. ஒரு பழத்தின் சாரத்தால் இலேசாகப் பிணைத்ததும் மணிகள் கருநீலமாயின. நொதி நின்றது. உயிரோடும் இருந்தது.

இன்று காலை, வெட்டுப்பட்ட சர்க்கரையை அளக்கும் கருவியில் எண் எகிறியபோது மணிக்காரர் துள்ளிக் குதித்தார்.

அவள் தலையாட்டிவிட்டுக் குப்பி கழுவப் போய்விட்டாள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் எப்போதும் அப்படித்தான். கேன்டீனில் எதை வைத்தாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது.

நாளைக்குப் பால் நிறுவனத்தார் வருகிறார்கள். அவர்கள் கருவியை நம்பமாட்டார்கள்; நாக்கைத்தான் நம்புவார்கள். அதனால்தான் புதுக் குழாயும் புதுக் கோப்பைகளுமாக, தேநீர் அறையில் இந்த ஏற்பாடு. சர்க்கரை வெட்டுப்பட்ட பால், வெறும் பாலைவிட அதிகமாக இனிக்கும்.

மணிக்காரர் ஒரு வாய் குடித்தார். இனித்தது. ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத பால், அப்படி இனித்தது.

“நீயும் பாரும்மா.”

“நீங்க பார்த்தாப் போதும்ணா.”

அவர் விடவில்லை. கோப்பையை அவள் கையில் திணித்தார்.

அவள் கடமைக்கு ஒரு மிடறு குடித்தாள். கோப்பையை வைக்கப் போனாள். வைக்கவில்லை.

இன்னொரு மிடறு. அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். பிறகு மிச்சம் முழுவதையும் ஒரே மூச்சில்.

“அண்ணா, இனிக்குது!”

அவள் போட்ட கூச்சலில் வெளியே போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

“இனிக்கத்தானேம்மா செய்யும்? அதுக்குத்தானே இவ்வளவு பாடு!”

அவள் அடுத்த கோப்பையைப் பிடித்தாள். அதற்கடுத்ததையும். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். காலையில் வராத சந்தோஷம் இப்போதாவது வந்ததே என்று மணிக்காரருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“நாளைக்கு வர்றவங்களுக்கு மிச்சம் வைம்மா” என்று செல்லமாகக் கடிந்துகொண்டார்.

அவள் கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். தன் மணிகளின் பெருமை காதில் விழட்டும் என்று மணிக்காரர் கொஞ்சம் நெருங்கியே நின்றுகொண்டார்.

“ஏங்க, எனக்கு இனிக்குதுங்க! நெசமா! அந்தக் காய்ச்சலோட போன ருசி... ஒரு வருஷம் கழிச்சு, இப்பதாங்க... ஆமாங்க, தெரியுது, நாக்குக்குத் தெரியுது!”

மணிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

 மணிக்காரர் சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்தார்.

அவள் பேசி முடித்துத் திரும்பியபோது, மேசையில் உப்பும் காப்பித்தூளும் மிளகும், பாதியாக வெட்டிய ஓர் எலுமிச்சம்பழமும் வரிசையாக இருந்தன.

அவள் எலுமிச்சையைத்தான் முதலில் எடுத்தாள். நக்கியதும் கண்கள் இறுகின, தோள்கள் குறுகின, முகம் எட்டுக் கோணலாகக் கோணியது.

மணிக்காரர் கைதட்டினார்.