பெய்ஜென்னின் புகார்

வான்கூவர் அலுவலகத்தில் பெய்ஜென் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஆங்கிலம் பழக்குகிறவள் பக்கத்து மேசை டோரீன்தான்.

"இன்னைக்கு யாரைப் பத்தியாவது புகார் சொல்லு பார்ப்போம்," என்றாள் டோரீன்.

பெய்ஜென் தயங்கினாள். "இங்க ஒரு ஆள். தினம் என் சாப்பாடு எடுக்கிறான். கேக்கறது இல்ல. எனக்குப் பசி."

"யாருடி அந்தத் திருட்டுப்பய? அந்த மூலை மேசை கேரியா?"

"பேர் வேண்டாம். அவன் நல்லவன். கோவம் வரும்."

"வந்தா வரட்டும்! மூஞ்சிக்கு நேரா சொல்லு: 'இது என் சாப்பாடு, தயவுசெஞ்சு எடுக்காதீங்க.' எங்க, சொல்லு!"

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. வெள்ளிக்கிழமை பெய்ஜென், டோரீனின் கண்ணைப் பார்த்து அதைப் பிழையில்லாமல் சொன்னாள்.

"பிரமாதம்! இதையே போய் அவன்கிட்ட சொல்லு."

"சொல்லியாச்சு. 'அவன்'தான் தப்பு. நேத்து சாயங்கால வகுப்புல சொன்னாங்க, பொம்பளைன்னா 'அவள்'. எங்க சீனப் பேச்சுல ரெண்டும் ஒரே சத்தம்."

பெய்ஜென்னின் டப்பாவிலிருந்து எடுத்த கறிக் கொழுக்கட்டை, டோரீனின் வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது.