தவறாமல் வந்தவள்

டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. இளைய மருமகளின் செக்கப் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மாசத்துக்கு ஒரு வரி. பிரஷர் நூற்றுப் பத்துக்கு எழுபது. கால் வீக்கம் இல்லை. நல்லாப் படிக்கிற பிள்ளையின் மார்க் அட்டை மாதிரி அத்தனை சுத்தம்.

"ஒரு மாசம்கூட விடாம வந்திருக்காங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுத்து, பெட்ல சேத்துப் பாத்திருப்போம். தெரிய வழியே இல்லையேம்மா. பிரஷர் ஏறி வலிப்பு வந்துடுச்சு. குழந்தைய எடுத்துட்டோம். தாயைக் காப்பாத்த முடியல. உங்க மேல தப்பில்ல."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்தோமே!"

மூத்த மருமகள் பெஞ்சில் இருந்தாள். மடியில் அவளுடைய பத்து நாள் பிள்ளை, ஊரே இடிந்தாலும் எனக்கென்ன என்று பால் குடித்தது.

வீட்டோடு சலவைக்கடை. மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தார்கள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் இஸ்திரிப் பெட்டியை யார் பிடிப்பது?

"ஒருத்தி போனாப் போதும்" என்று மாமியார் சட்டம் போட்டாள்.

கார்டில் வரி விட்டுப்போனால் பிரசவத்துக்குப் பெட் கிடைக்காதே. அதற்கும் வழி இருந்தது. காலையில் மூத்தவள் தன் கார்டோடு வரிசையில் நிற்பாள். மதியம் நர்ஸ் மாறியதும் இளையவளின் கார்டோடு அவளே மறுபடி நிற்பாள். அதே கை, அதே வயிறு.

மாசத்தில் அந்த ஒரு நாள்தான் மூத்தவளுக்கு இஸ்திரி ஆவி இல்லாத காற்று. பஸ்ஸில் ஜன்னலோரம். ஆறாத டீ.

போன மாசம் இளையவள் செருப்பில் நுழையாத காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, தலை வெடிக்குது, கண்ணு மங்குது. இந்த ஒரு தடவ நான் போகட்டுமா?"

மாமியாரே, "சரி, போயேன்" என்றுதான் சொன்னாள்.

"அட, முழுகாம இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்டி" என்று சொல்லிவிட்டு, மூத்தவள் இரண்டு கார்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு புதுக் கார்டு. "தடுப்பூசிக்கு மாசாமாசம் யாரு கூட்டிட்டு வருவீங்க?"

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தவதான். செத்தாலும் ஒரு நாள் தவறமாட்டா."