மதகுப் பலகை

பொங்கி வந்த கடல்நீர், கரையோரக் குட்டையின் வாயில் நின்ற மதகுப் பலகையிடம் எரிந்து விழுந்தது. "பக்கத்துக் குட்டைக்குப் பலகையே கிடையாது. நீ மட்டும் கையளவு இடுக்குதான் விடுறே!"

"தாராளமா வாங்க அண்ணே, மெதுவா வாங்க. போகும்போதும் இதே வழிதான்," என்றது பலகை.

உள்ளே இருந்த நண்டுக்கு மானமே போயிற்று. "விருந்தாளியை இப்படியா வாசல்ல நிறுத்துவே? அங்கே பார், தண்ணி தளும்புது, இறால் துள்ளுது!"

மத்தியானம் கடல் திடீரென்று உள்வாங்கியது. பக்கத்துக் குட்டையில், வந்த தண்ணீரோடு இருந்த தண்ணீரும் இறாலும் ஓடிப்போய்ச் சேறுதான் மிஞ்சியது. இங்கே தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டே இடுக்கு வழியாக வடிந்தது. நண்டு கண்வரை மூழ்கிக் குளிர்ச்சியாகக் கிடந்தது.

சாயங்காலம் கடல்நீர் மறுபடியும் வந்து பலகையை முட்டியது. "இன்னும் கொஞ்சம் தூக்கேன்!"

பலகை வாய் திறப்பதற்குள் நண்டு குரல் கொடுத்தது: "மெதுவா வாங்க அண்ணே."