இடது பக்க நாற்காலி

ஆறாவது நாளாக அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு இடது பக்கம் என்று ஒன்று கிடையாது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்படித்தான். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பாதியைக் கண்டுகொள்வதில்லை என்றாள் பயிற்சி கொடுக்க வரும் பெண்.

வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு முடிந்தது என்பார். தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, இவ்வளவுதானா என்று அம்மாவிடம் எரிந்து விழுவார். அம்மா சத்தமில்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள். மீதிச் சாப்பாடு எங்கிருந்து முளைத்தது என்று கேட்கவும் மாட்டார்.

எனக்கு அது வசதியாகப் போயிற்று.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அவர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்றேன். இனி என் மூஞ்சியிலேயே முழிக்காதே என்றார். நானும் அவர் மகள்தானே, முழிக்கவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்து, அறை வாசலிலேயே தயங்கி நின்றேன். அம்மாதான் இந்த நாற்காலியைக் காட்டினாள்.

“அந்தப் பக்கம் உக்காரு. உன்னப் பார்க்கமாட்டாரு.”

பார்க்கவும் இல்லை. நான்தான் வாயே திறக்காமல் அவரை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிப் பெண் தினமும் என் பக்கம் வந்து நின்று பொருள்களை ஆட்டிக் காட்டுவாள். சாவிக்கொத்து, சிவப்புக் குவளை, டார்ச். ஊஹூம்.

இன்று மத்தியானம் அவர் பாதித் தட்டைக் காலி செய்திருந்தபோது, டார்ச்சை அணைத்துவிட்டு, என்னைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொன்னாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

குனிந்தேன்.

அப்பாவின் கழுத்து மெல்லத் திரும்பியது. பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. கண்கள் நேராக என் முகத்துக்கு வந்தன.

“முடிய ஏன் இப்படி ஒட்ட வெட்டிக்கிட்ட?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் பார்வையை எடுக்கவே இல்லை.

பயிற்சிப் பெண் அம்மாவிடம், நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று என்றாள். பொருளுக்குத் திரும்பாதவர்கள்கூடச் சில சமயம் ஒரு முகத்துக்குத் திரும்புவார்களாம். அதனால் முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: யார் முகத்தைப் பார்க்க இவர் ரொம்ப ஏங்கிப்போயிருக்கிறாரோ, அவரை இடது பக்கம் உட்கார வையுங்கள் என்று.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

அவள் ஒன்றும் தெரியாதவள் போலத் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.